பக்கத்தில் நிற்பவர்

குடியேறிகள் நிறைந்த பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் பனி கொட்டுகிறது. சென்னையில் வாங்கிய ஷூ ஊறிப்போகவே, கண்ணில் பட்ட கதவைத் தள்ளி நுழைகிறேன். பெண்கள் அமைப்பொன்றின் அலுவலகம். அங்கே வேலை செய்யும் யாழ்ப்பாணத்துச் சாந்தி அக்கா ஒரு பெண்ணோடு வாடகை வீடு கேட்டுப் போய்விட்டு இப்போதுதான் வந்திருக்கிறார். நிறத்தைப் பார்த்ததும் "கொடுத்தாயிற்று" என்கிற வீட்டுக்காரர்கள், சாட்சிக்கு ஆள் இருந்தால் கொஞ்சம் யோசிப்பார்களாம். இன்று யோசிக்கவில்லை.

"போய் என்ன பேசுவீங்க?"

"ஒண்டும் கதைக்கமாட்டன். பக்கத்தில நிப்பன். ஒருத்தரையும் தனிய விடுறேல்லை. நீங்கள் ஆரோட வந்தனீங்கள்?"

"தனியாத்தான்."

உடனே கோட்டை மாட்டிக்கொண்டு மெட்ரோ வாசல்வரை வருகிறார். படியிறங்குமுன் திரும்பிப் பார்க்கிறேன். எதிர்க்காற்றில் தலைகுனிந்து போய்க்கொண்டிருக்கிறார். பக்கத்தில் யாரும் இல்லை.