ஒச்சாயியின் நெற்றிக் காசு

தியேட்டர் சைக்கிள் ஸ்டாண்டின் கல்தூணில் 'ணங்' என்று ஒரு தட்டு. திருப்பிப் பிடித்து இன்னொரு தட்டு. அதற்கப்புறம்தான் நல்லகாமன் காசைப் பைக்குள் போடுவார். பத்துப் பைசா அலுமினியக் காசாக இருந்தாலும் விடமாட்டார். அலுமினியம் என்னத்தைப் பாடும்? 'டப்' என்று ஒரு முனகல்தான். "என்ன சொல்லுதுன்னு கேட்டுப்புடணும்ல" என்பார். உள்ளே படம் போட்டுவிட்டான் என்று துடிக்கிறவர்கள் அவர் கச்சேரி முடியும்வரை டோக்கனுக்குக் கைநீட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

சைக்கிள் சீட்டுகளில் அவர் சாக்பீஸால் எழுதிய நம்பரைச் சில பயல்கள் அழித்து மாற்றி எழுதுவதுண்டு. அவர் திட்டுகிற ஆள் இல்லை. எச்சில் தொட்டு அழித்துச் சரியாக எழுதிவிடுவார். படம் விட்டதும் அந்தப் பயல் தன் வண்டியைக் கேட்பான். "அப்படி ஒரு வண்டி இங்க வரவே இல்லையே தம்பி" என்பார். பயல் அழுகிற பதத்துக்கு வந்த பிறகுதான் வண்டி வெளியே வரும்.

அவருக்கு ஊர் வைத்த பெயர் கஞ்சன். அந்தப் பெயர் சுடுகாட்டில் வைத்தது. மனைவி ஒச்சாயி போன அன்று நெற்றியில் குங்குமம் அப்பி, அதன்மேல் ஒரு வெள்ளி ரூபாயை ஒட்டியிருந்தார்கள். அந்தக் காசு வெட்டியானுக்குச் சேர வேண்டியது. நல்லகாமன் கடைசி நேரத்தில் குனிந்து அதைப் பெயர்த்து மடியில் சொருகிக்கொண்டு, வெட்டியான் கையில் ஒரு நோட்டைக் கொடுத்தார். நோட்டை யாரும் பார்க்கவில்லை. காசை எடுத்ததை எல்லோரும் பார்த்தார்கள். ஒச்சாயியின் தம்பி சோலை அதே தியேட்டரில் முறுக்கு விற்கிறவன். "நெத்திக் காசையும் வழிச்சு எடுத்த மகராசன்யா எங்க மச்சான்!" என்று இடைவேளைக்கு இடைவேளை முறுக்கோடு சேர்த்து இதையும் கூவுவான். நல்லகாமன் தூணில் காசைத் தட்டிக்கொண்டிருப்பார்.

எண்பதாம் வருசம் வெள்ளி விலை திடீரென்று எகிறியது. எகிறிய வேகத்தில் இறங்கவும் தொடங்கியது. அந்தச் சமயம் பார்த்து ஸ்டாண்டுக் குத்தகை முடிந்தது. சாயங்காலத்துக்குள் முன்பணம் கட்டாவிட்டால் வேறொருவர் தூணுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுவிடுவார். நல்லகாமனிடம் இருந்தது ஒச்சாயி வாடிப்பட்டியிலிருந்து சீராகக் கொண்டுவந்த கொஞ்சம் வெள்ளி ரூபாய்கள். நெற்றிக் காசும் அதோடுதான் கிடந்தது. காசில் பொறித்த வெள்ளைக்கார ராணியின் கழுத்துப் பள்ளத்தில் குங்குமம் ஏறியிருந்ததால் அது தனியாகத் தெரியும். அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுத்தால் முன்பணம் சரியாக வரும் என்று கணக்குப் போட்டிருந்தார்.

கறுத்த காசுக்கு விலையைக் குறைப்பார்கள் என்று எவனோ சொல்லிவைத்தான். அன்று காலையில் அவசரத்தில் அத்தனை காசையும் புளிக்கரைசலில் கொட்டிச் சாம்பல் போட்டுத் தேய்த்தார். காசெல்லாம் கல்யாண வீட்டுப் பாத்திரம்போல மின்னின. துண்டில் பரப்பிக் காயவைத்த பிறகுதான் பார்த்தார். குங்குமத்தைக் காணோம். ஒரே மாதிரியான ராணிகள் வரிசையாகப் படுத்துக் கிடந்தார்கள்.

"எங்க அக்கா சீரை விக்கிறீக. நானும் வாரேன், கண்ணால பாக்கணும்" என்று சோலை கூடவே வந்தான். விளக்குத்தூணிலிருந்து வெள்ளிக்கடைகள் இருக்கிற தெற்காவணி மூலவீதிக்குப் போவதற்குள் நல்லகாமன் காசு வைத்திருந்த இடுப்புப் பச்சை பெல்ட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். யாராவது உரசினால் நின்றார். யாரும் உரசாவிட்டாலும் நின்றார். "என்ன மச்சான், வயித்து வலியா?" என்றான் சோலை.

கடைக்காரர் பசுபதி ஒரு காசை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"யாருண்ணே இப்படித் தேய்ச்சது? கறுப்போட கொண்டாந்திருந்தா, பழங்காசு சேக்குறவங்ககிட்டச் சொல்லிக் கூட வாங்கித் தந்திருப்பேன். இப்ப உருக்குற வெள்ளி வெலைதான். அதுவும் காலையில இருந்த வெலை இப்ப இல்ல. சீக்கிரம் சொல்லுங்க, எடை போடவா?"

"ஒண்ணு மட்டும் வேணும்."

"எல்லாம் ஒரே அச்சுதான். எதையாச்சும் எடுத்துக்கங்க."

நல்லகாமன் தட்டில் கைவைத்தார். எடுத்தார், வைத்தார். பிறகு ஒரு காசை எடுத்துத் தன் நெற்றியில் அழுத்தினார். ஒட்டிக்கொண்டது. பிய்த்துவிட்டு அடுத்ததை அழுத்தினார். அதுவும் ஒட்டியது. வேர்த்துக் கொட்டுகிற நெற்றியில் எது ஒட்டாது?

சோலைக்குச் சிரிப்பு முட்டியது. "கடையில வந்து என்ன மச்சான் கூத்து?"

"உங்க அக்கா நெத்திக் காசு இதுலதான்டா இருக்கு. எதுன்னு தெரியல. நானே தேய்ச்சு அழிச்சுப்புட்டேன்." தட்டிலிருந்து கையை எடுக்கவில்லை. "அன்னைக்கு விட்டிருந்தா கை மாறிக் கை மாறி எங்கிட்டோ போயிருக்கும். அவ நெத்தியில இருந்ததுடா. இப்ப அதை உருக்கி எவன் பிள்ளை காலுக்காச்சும் கொலுசு அடிச்சுப்புட்டா? அது நல்லதா?"

சோலையின் சிரிப்பு பாதியில் நின்றது. இடைவேளைதோறும் தான் கூவியது அவன் காதிலேயே திரும்பக் கேட்டிருக்க வேண்டும். பசுபதி மணி பார்த்தார்.

"மச்சான், கையை எடுங்க" என்றான் சோலை.

தட்டுக்குள் கையை விட்டுப் பார்க்காமலே ஒரு காசை எடுத்தான். கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்த லட்சுமி படத்தடியில் குங்குமச் சிமிழ் இருந்தது. எட்டி ஒரு சிட்டிகை எடுத்து ராணியின் கழுத்துப் பள்ளத்தில் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தான்.

"இந்தாங்க. இதான்."

"எப்புடிடா சொல்ற?"

"அவ தம்பி சொல்றேன்ல."

பசுபதி மற்றக் காசுகளைத் தராசில் கொட்டினார். தொழில் பழக்கத்தில், காசு தட்டிப் பார்க்கிற கல்லை நல்லகாமன் பக்கம் நகர்த்தி, "தட்டிப் பாத்துக்கங்கண்ணே" என்றார்.

நல்லகாமன் கல்லைப் பார்த்தார். அதை மெல்ல ஒதுக்கி வைத்தார். காசைத் தட்டாமல், திருப்பிக்கூடப் பார்க்காமல், பெல்ட்டுப் பைக்குள் போட்டுப் பட்டனை அமுக்கினார்.