மூன்று வாரம் கழித்து வா

தொண்ணூறுகளின் கடைசியில் திருப்பதியில் ஓர் ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருந்தேன். சத்தியவேடு பக்கத்துத் தமிழ்க் குடும்பம் எங்களுடையது. பள்ளியில் படித்தது தெலுங்கு. டாக்டருக்குத் தமிழ் வராது. அதனால் கிராமத்திலிருந்து வரும் தமிழ்த் தாய்மார்களிடம் பேச என்னைத்தான் கூப்பிடுவார்.

பக்கத்துத் திருச்சானூரில் லாட்ஜுகள் புதிது புதிதாக எழும்பிக்கொண்டிருந்த சமயம். ஊரில் கூலி வேலை போதாமல் குடும்பத்தோடு வந்தவர்கள் அங்கே அறைகளைக் கூட்டிக் கழுவினார்கள். யாத்திரைக்கு வந்தவர்கள் போட்டுவிட்டுப் போன தண்ணீர் பாட்டில்களில் கக்கூஸ் கழுவும் ஆசிட்டை ஊற்றி வைப்பார்கள். அப்படி ஒரு பாட்டிலிலிருந்து ஒரு வாய் குடித்துவிட்ட மூன்று வயது மகளைத் தூக்கிக்கொண்டு அங்கே வேலை செய்த தமிழ்க்காரி ஒருத்தி ஓடி வந்தாள்.

பத்து நாளில் குழந்தை தேறியது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் நிதானமாகத் தெலுங்கில் சொன்னார். புண் ஆறும்போது உணவுக்குழாய் சுருங்கும். குழந்தை நன்றாகச் சாப்பிட்டாலும் மூன்று வாரம் கழித்துக் கட்டாயம் கூட்டி வர வேண்டும். அடுத்த கட்டிலில் ஊசி போட வேண்டிய குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. நான் அவளிடம், "எதுனா கஷ்டம்னா கூட்டிக்கினு வாம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தேன். டாக்டர் சீட்டில் எழுதியிருந்ததைப் படிக்க அவளுக்குத் தெரியாது. அது எனக்குத் தெரியும்.

இரண்டு மாதம் கழித்து வந்தாள். குழந்தை பாதியாக இளைத்திருந்தது. முதலில் இட்லி இறங்கவில்லையாம். அடம் பிடிக்கிறது என்று நினைத்திருக்கிறார்கள். பிறகு கஞ்சியும் நின்று, பால் மட்டும் சொட்டுச் சொட்டாக. அவ்வளவு தெளிவாகச் சொல்லியும் ஏன் வரவில்லை என்று கேட்கச் சொன்னார் டாக்டர். நானும் கேட்டேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "சொல்லி இருப்பீங்கக்கா. நான்தான் பயத்துல மறந்துட்டு இருப்பேன்."

அதை ஒரு வார்த்தை விடாமல் டாக்டருக்குத் தெலுங்கில் சொன்னேன்.

ஒரு வருடத்துக்கு மேல், பதினைந்து நாளைக்கு ஒருமுறை, குழந்தைக்கு மயக்க மருந்து கொடுத்து உணவுக்குழாயை விரித்தார்கள். அந்த நேரத்தில் அவள் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருப்பாள். நான் அந்தப் பக்கம் போகாமல் வேறு வேலை தேடிக்கொள்வேன். லாட்ஜுகளுக்குப் போய் ஆசிட்டைப் பூட்டி வைக்கச் சொல்ல ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் அனுப்பியபோது, தமிழ் தெரியும் என்று என்னையும் சேர்த்தார்கள். பெண்கள் என் பேச்சுக்குத் தலையாட்டினார்கள். எனக்குக் கூசியது.

குழந்தை சோறு தின்னத் தொடங்கிய பிறகுதான் அவளிடம் உண்மையைச் சொல்ல முடிந்தது. திட்டுவாள் என்று காத்து நின்றேன்.

"எங்க வூட்டுக்காரரு இன்னி வரிக்கும் என்னத்தான் குத்தம் சொல்லிக்கினு இருக்காரு," என்றாள். "அவருகிட்ட வந்து சொல்றீங்களாக்கா?"

ஞாயிற்றுக்கிழமை ஷேர் ஆட்டோவில் திருச்சானூர் போனேன். லாட்ஜுக்குப் பின்னால் ஒற்றை அறை. அவள் கணவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் மனைவியை ஒருமுறை பார்த்தார், எழுந்து வெளியே போய்விட்டார். அவள் டீ போட்டுக் கொடுத்தாள்.

ஆட்டோ வரை கூட வந்தவள், இப்போதெல்லாம் வார்டில் நான் சொன்னதைத் தாய்மார்களைத் திருப்பிச் சொல்ல வைக்கிறேனாமே என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அன்றைக்குத் தன்னையும் அப்படிச் சொல்ல வைத்திருக்கலாம் என்றாள்.