மூடாத கடையில் ஒரு டீ

நான் ஒரு பார் நடத்தினேன் என்று சொன்னால் என் வீட்டில் இன்றைக்கும் யாரும் நம்பமாட்டார்கள். மதுரையில் முனிச்சாலைப் பக்கம் சௌராஷ்டிரக் குடும்பம் எங்களுடையது. வீட்டுக்குள் எங்கள் பாஷை, வாசல் தாண்டினால் தமிழ், மதுவைப் பற்றி இரண்டிலுமே பேச்சு கிடையாது. ஒயின் ஷாப் இருக்கும் தெருவில் நடக்க நேர்ந்தால் அம்மா என் கையைப் பிடித்து எதிர்ச்சாரிக்குக் கூட்டிப் போய்விடுவாள். முப்பது வயது தாண்டிய பிறகும் அப்படித்தான்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு தெருவுக்குத் தெரு பிரவுசிங் சென்டர் முளைத்த காலம் அது. எங்கள் வீட்டு முன்னறையிலும் பிளைவுட் தடுப்பு வைத்து நாலைந்து கம்ப்யூட்டர் போட்டிருந்தோம். அண்ணன் ஜவுளிக் கடைக்குப் போய்விடுவான், சென்டர் என் பொறுப்பு. ஆள் வராத ஒரு சாயங்காலம், பொழுது போகாமல் சாட் தளம் ஒன்றில் மதுரைக்காரர்களுக்கென்று ஓர் அறை திறந்தேன். முதலில் வந்து சேர்ந்தவர் சென்னையில் வேலை பார்த்த ஒரு இன்ஜினியர். வந்தவர்களுக்குக் குடிக்க ஒன்றும் கிடையாதா என்று கேட்டார். என்ன வேண்டும் என்று விளையாட்டாகக் கேட்டேன். அவர் சொன்னதை ஊற்றிக் கொடுத்ததாக டைப் அடித்தேன். அன்றோடு அறை கடையாகிவிட்டது, நான் கடைக்காரியாகிவிட்டேன். மூடாத கடை என்று பெயரும் வைத்தார்கள்.

எனக்கோ தொழில் தெரியாது. ஒருநாள் பிராந்தியில் பீரை ஊற்றி, மேலே எலுமிச்சம்பழமும் பிழிந்து கொடுத்துவிட்டேன். அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் என் மானத்தை வாங்கினார்கள். டெல்லியில் இருந்த பேராசிரியர் ஒருவர், நிஜத்தில் மோர் தவிர எதுவும் தொடாதவர், எங்கள் கடையில் மட்டும் ஃபுல் பாட்டிலுக்குக் குறைந்து கேட்கமாட்டார். கடைக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஊரைப் பற்றி ஒரு கதை சொன்னால்தான் இரண்டாவது கிளாஸ். பழைய கதையைத் திருப்பிச் சொன்னால் வெறும் சோடா.

சோடாவே குடிக்காத ஒரே ஆள் மஸ்கட்காரர். சமயநல்லூரை அடுத்த ஒரு கிராமத்தில் விவசாயக் குடும்பம், மஸ்கட்டில் ஏதோ கம்பெனியின் ஸ்டோரில் வேலை. என்னை அக்கா என்பார், மற்ற இருவரையும் மாப்ள என்பார், பேராசிரியருக்கு அவர் அப்பா வயது இருக்கும் என்று தெரிந்த பிறகும் விடவில்லை. அவர் கதைகள் முக்கால்வாசி அவருடைய அப்பாவைப் பற்றித்தான். அய்யா என்பார். அய்யா பொங்கலுக்கு அலங்காநல்லூர் போய் ஜல்லிக்கட்டு பார்த்துவிட்டு வந்தால், வாசலில் வைத்து அத்தனையையும் நடித்துக் காட்டுவாராம். மாடும் அவரே, மாடுபிடிக்கிறவரும் அவரே. ஒரு வருஷம் மாடாக இருக்கும்போது வேகத்தில் போய்ப் பக்கத்து வீட்டு வேலியையே முட்டிச் சாய்த்துவிட்டார். இதைப் படித்துவிட்டு நான் தனியாகச் சிரித்த சிரிப்பில், உள்ளேயிருந்து அம்மா எழுந்து வந்து பார்த்தாள்.

பெயரைக் கேட்பதில்லை என்பதை நாங்கள் யாரும் சட்டமாகப் போடவில்லை, அப்படியே பழகிவிட்டது. முகமும் பெயரும் இல்லாத இடத்தில் மனுஷன் இப்படி வாய் திறந்து பேசுகிறானே, வீட்டில் ஏன் பேசுவதில்லை என்று நான் பலநாள் யோசித்திருக்கிறேன். எங்கள் வீட்டிலும் அப்பாவும் அண்ணனும் ஒரே கடையில் நாளெல்லாம் உட்கார்ந்திருப்பார்கள். வியாபாரம் தவிர இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசி நான் கேட்டதில்லை.

ஒரு மத்தியானம் சென்டருக்குள் ஒரு பெரியவர் வந்து நின்றார். கையில் ஒரு பை. மஸ்கட்டிலிருந்து ஊருக்கு வந்த யாரோ ஒருவரிடம் மகன் பேரீச்சம்பழம் கொடுத்தனுப்பியதாகவும், இந்த அக்காவுக்கும் ஒரு பாக்கெட் சேர்க்கச் சொன்னதாகவும் சொன்னார். முனிச்சாலையில் சென்டர் என்று கடையில் நான் எப்போதோ சொன்னதை மகன் நினைவு வைத்திருந்து அடையாளம் சொல்லியிருக்கிறார். எனக்கு ஒரே சந்தோஷம். உட்காரவைத்து, உங்களை எனக்கு நன்றாகத் தெரியும் என்று ஆரம்பித்து, மாடு, வேலி என்று கொட்டிவிட்டேன். பாரைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை.

அவர் சிரிக்கவில்லை. நம்பாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எம் மகனா? அவனுக்கு இம்புட்டுப் பேச வருமா?"

பிறகு அவரே சொன்னார். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை போன் வரும். சாப்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, மழை உண்டா. இவர் ஆமாம் என்பார், இல்லை என்பார். போன் கார்டில் காசு தீரப்போகிறது என்று அவன் வைத்துவிடுவான். இத்தனை வருஷமாக அவன் குரலில் கேட்டது இவ்வளவுதான். வயிற்றில் ஒரு கட்டி என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அடுத்த வாரம் பெரிய ஆஸ்பத்திரியில் ஆப்பரேஷன். சின்ன ஆப்பரேஷன்தான் என்று மகனிடம் சொல்லிவைத்திருக்கிறார். கிளம்பிப் படி இறங்கியவர், திரும்ப மேலே ஏறி வந்தார்.

"அவன் உங்ககிட்டப் பேசுறத நான் ஒருக்கா கேக்கணும் தாயி. ஆப்பரேசனுக்கு முன்னாடி."

இதில் என்ன கஷ்டம் என்று நினைத்தேன். அன்று சாயங்காலமே கடையில் அறிவித்தேன். வியாழக்கிழமை அய்யா நம் கடைக்கு வருகிறார். எல்லாருக்கும் ஒரே குஷி. பேராசிரியர் சிவப்புக் கம்பளம் விரிக்கச் சொன்னார். மஸ்கட்காரர் மட்டும் சிரிப்புப் பொம்மை ஒன்றைப் போட்டுவிட்டு நிறுத்திக்கொண்டார். அதை நான் அப்போது கவனிக்கவில்லை.

வியாழக்கிழமை சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே பெரியவர் வந்துவிட்டார். என் பக்கத்தில் ஸ்டூல் போட்டுக் கொடுத்தேன். தமிழை ஆங்கில எழுத்தில் அடித்துக்கொண்டிருந்த நாட்கள். அதை அவரால் படிக்க முடியாது. நான் வாய்விட்டுப் படிக்க வேண்டும், அவர் சொல்வதை அடிக்க வேண்டும். இது கடை என்பதையும், வருகிறவர்கள் கேட்டு வாங்கிக் குடிக்க வேண்டும் என்பதையும் ஒருவழியாக விளக்கினேன். கோபித்துக்கொள்ளவில்லை. தனக்கு டீ போதும் என்றார். அடித்தேன்.

எனக்கும் டீ, என்றார் சென்னைக்காரர். பேராசிரியரும் டீ கேட்டார், அதிலும் சர்க்கரை கம்மியாக. வணக்கம் ஐயா, நலமா ஐயா என்று கல்யாண வீட்டு வரவேற்பு மாதிரி ஆகிவிட்டது கடை. அப்புறம் மகன் வந்தார்.

சாப்டீங்களா அய்யா?

சாப்பிட்டாச்சு என்று சொல்லச் சொன்னார்.

மாத்திரை போட்டீங்களா?

போட்டாச்சு.

அங்க மழை உண்டா?

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்திருந்தால் மண்டையில் ஒரு குட்டு வைத்திருப்பேன். வேலிக் கதையைச் சொல்லுங்கள் என்று நானே எடுத்துக் கொடுத்தேன். அது சும்மா விளையாட்டுக்குச் சொன்னது அக்கா, என்றார் மகன். அதோடு அவரும் நின்றார், மற்றவர்களும் நின்றார்கள். ஒருத்தருக்கும் அடிக்க ஒன்றும் இல்லை. பெரியவர் கேட்க வந்த பேச்சு, அவர் வந்ததாலேயே நின்றுபோய்விட்டது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அழைத்து வந்த என்மேல்தான் கோபம் வந்தது.

பெரியவர் முழங்காலில் கை ஊன்றி எழுந்தார்.

"நான் போயிட்டேன்னு போடு தாயி."

வழியனுப்ப நானும் எழுந்தேன். அவரோ ஸ்டூலை இன்னும் கொஞ்சம் என் பக்கம் இழுத்துப் போட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டார். திரையைப் பார்த்துத் தலையை ஆட்டினார். எனக்குப் புரிந்தது. அய்யா கிளம்பிவிட்டார் என்று அடித்தேன்.

பிறகு சென்னைக்காரர் டீயை எடுத்துக்கொண்டு போகச் சொல்லி, வழக்கமானதைக் கேட்டார். பேராசிரியர் பாட்டிலோடு கேட்டார். மஸ்கட்காரர் ஆரம்பித்தார். அய்யா டீ கேட்டதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள் மாப்ள, என்றார். ஒருதடவை அய்யா பரவை மார்க்கெட்டில் ஒரு வியாபாரியிடம் கத்திரிக்காயைப் போட்டுவிட்டு நின்றுகொண்டிருந்தாராம். காய் சொத்தை என்று அந்த வியாபாரியே யாரிடமோ சொல்வது காதில் விழ, ரோஷம் வந்து, விற்ற கத்திரிக்காயை மொத்தமாகத் திரும்ப வாங்கிவிட்டார். வரும் வழியில் பஸ்ஸில் இருந்த அத்தனை பேருக்கும் அள்ளிக் கொடுத்தார். சொத்தை இருந்தால் வீடு தேடி வந்து என்னை அடி என்று ஆளாளுக்குச் சொன்னாராம்.

நான் மெதுவான குரலில் படித்தேன். பெரியவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிக்கும்போது இன்னொரு கை வயிற்றை அழுத்திப் பிடித்திருந்தது. கத்திரிக்காய் இல்லை, வெண்டைக்காய் என்று என் காதோரம் திருத்தினார். அதை நான் எப்படி அடிக்க முடியும்? கதை கதையாக வந்துகொண்டே இருந்தது. மகனுடைய கிளாஸை நிரப்பி நிரப்பி எனக்கே அலுத்துப்போனது. அந்த ஒரு மணி நேரம் அந்த மனுஷர் முகத்தில் நான் பார்த்த சந்தோஷத்தை அதற்குப் பிறகு அதிகம் பேர் முகத்தில் பார்த்ததில்லை.

கிளம்பும் முன் மஸ்கட்காரர் இன்னொன்று அடித்தார். அதை மட்டும் நான் மனதுக்குள் படித்தேன்.

"என்ன போட்டிருக்கான்? படி தாயி."

படித்தேன். அக்கா, நீங்க நேர்ல பாத்தீங்கல்ல. எங்கய்யா ரொம்ப மெலிஞ்சிட்டாரா? போன்ல கேட்டா சொல்லமாட்டாரு. எனக்கு இங்க தூக்கமே வரல.

பெரியவர் தன் கைகளைப் பார்த்தார். தோளிலிருந்து நழுவிக்கொண்டிருந்த சட்டையைக் காலரைப் பிடித்து மேலே ஏற்றிவிட்டுக்கொண்டார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"சட்டை கொஞ்சம் பெருசாப் போட்டிருந்தாரு, அதனால சரியாத் தெரியலன்னு போடு" என்றார்.

அப்படியே அடித்தேன்.