ஏழாம் மாடி

பெரியப்பா விட்டுப்போன நிலம் நல்ல விலைக்குப் போனதில் லிஃப்ட்காரர் ஒரே நாளில் கோடீஸ்வரராகிவிட்டார்.

"இன்னுமா அந்தப் பொட்டிக்குள்ள நின்னு பட்டனை அமுக்கணும்? லெட்டரைக் குடுத்துட்டு வாங்க" என்று மனைவி நச்சரித்தாள்.

ராஜினாமாக் கடிதம் பதினோரு நாளாகச் சட்டைப்பையில் வியர்வையில் ஊறியது. மனிதருக்கு இருப்புக்கொள்ளவில்லை. மேலாளர் அறை ஏழாம் மாடியில். அங்கே கதவு திறந்ததும் யாராவது ஏறிவிடுவார்கள். இவர்களை இறக்கிவிட்டு வந்து கொடுப்போம் என்று கீழே வருவார். மதில்மேல் பூனைகூட என்றாவது ஒரு பக்கம் குதித்துவிடும். இவர் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தார்.

பன்னிரண்டாம் நாள் காலை, தரைத்தளத்தில் மேலாளரே தனியாக ஏறினார்.

"உங்க வீட்டம்மா போன் பண்ணாங்க. என்கிட்ட ஏதோ குடுக்கணுமாமே?"

சட்டைப்பைவரை போன கை பட்டனுக்குத் திரும்பியது.

"ஏழுதானே சார்?"