மண்டோர் காளியண்ணனின் சந்தேகம்

கண்களை மூடுங்கள் என்று ஆசிரியை விமலா சொன்னதும் வகுப்பில் எல்லாரும் மூடிக்கொள்வோம். காளியண்ணன் மட்டும் விழித்தபடி உட்கார்ந்திருப்பார். கேட்டால், "மூடுனா வீட்டுக்காரி மூஞ்சி வருதுலா. அதத்தான் நாள் பூரா பாக்குறனே," என்பார்.

எங்கள் ஊர் பத்தாங் பெர்ஜுந்தாயில் ஒரு மளிகைக்கடை மாடியில் சனிக்கிழமைதோறும் நடக்கும் ஆன்மிக வகுப்பு அது. பிரக்ஞை என்றால் என்ன என்பதுதான் பாடம். என்னைப் போன்றவர்கள் ஓய்வுக்காலத்தில் பொழுது போகாமல் வந்தவர்கள். செம்பனைத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்து ஓய்வுபெற்ற காளியண்ணன் அப்படி வரவில்லை. இவருடைய மனைவி கண்மணி போன தீபாவளிக்குப் பக்கவாதம் வந்து படுத்தவர். கண் திறந்திருக்கிறது, யாரையும் பார்ப்பதில்லை. இனி நினைவு திரும்பாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். உள்ளே ஆள் இருக்கிறாரா இல்லையா, காளியண்ணனுக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான்.

முதல் வகுப்பிலேயே எழுந்து நின்று கேட்டார்: "டீச்சர், தோட்டத்துல காலையில பெரட்டுக்கு நின்னு ஒவ்வொருத்தர் பேரா கூப்புடுவேன். சத்தம் வரலேன்னா ஆளு வரலேன்னு போட்ருவேன். வந்து நின்னுகிட்டே வாயத் தொறக்காதவங்களும் இருந்திருப்பாங்கதானே?" தனக்குத் தெரியவில்லை என்று விமலா நேராகவே சொன்னார். அதற்காகவே அந்த அம்மாவை எனக்குப் பிடிக்கும்.

பிறகு ஒருமுறை, நாள் முழுக்க மௌனமாக இருந்து பார்க்கச் சொன்னார் விமலா. நாங்களெல்லாம் காலைப் பசியாறலோடு மௌனத்தை முடித்துக்கொண்டோம். பெரட்டுக்கு ஒருநாளும் பிந்தாத மனிதர், பாடத்திலா தவறுவார்? மனைவிக்கு உடம்பு துடைத்து, புரட்டிப் படுக்கவைத்து, குழாயில் பால் ஊற்றும்போதெல்லாம் ஓயாமல் பேசுகிறவர், அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. சாயங்காலம் கண்மணியின் கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுவரை ஓடியது. "பேசித் தொலைங்கப்பா!" என்று மகள் தனேஸ்வரி கத்தியிருக்கிறாள். மறுநாள் வந்து பார்த்த ஆஸ்பத்திரி மிஸி, கண் காய்ந்தால் இப்படி நீர் வரும், அழுகையெல்லாம் இல்லை என்று சொல்லி, மருந்து விட்டுப் போனார்.

வகுப்பு முடிந்து பக்கத்துத் தேநீர்க் கடையில் இதைச் சொல்லிவிட்டு, காளியண்ணன் என் முகத்தையே பார்த்தார். "அழுதிருந்தா நான் பாவி. அழலேன்னா, அவ இல்ல. சாமிகிட்ட எது வேணும்னு கேக்குறது, நீங்களே சொல்லுங்க சார்." அவருக்கு இன்னொரு தே சொன்னேன்.

போன வாரம் அவருடைய மோட்டார் சைக்கிள் பழுதாகிவிட, என் காரில் வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டேன். நுழைந்ததும் கட்டிலருகே உட்கார்ந்து, வகுப்பில் நடந்ததையெல்லாம் மனைவியிடம் ஒப்பித்தார். விமலா இருமியதைக்கூட விடவில்லை. "இந்த வயசுல ஒனக்கு என்னா படிப்புன்னு திட்டேன், பாப்போம்," என்று சிரித்தார். அப்புறம் குனிந்து கண்மணியின் வாயருகே காதை வைத்தார். வைத்த காதை எடுக்காமலே, தலைக்கு மேல் இரைந்துகொண்டிருந்த காற்றாடியை நிறுத்தச் சொல்லி மகளுக்குக் கை காட்டினார்.