சுலைகா அழிக்க விடாத எண்

காலை ஜெபம் முடித்து எழுந்தபோது தொலைபேசி அடித்தது. சுலைகாவின் தங்கை மகள். "ஆன்ட்டி, பெரிம்மா மௌத்தாயிட்டாங்க. தொழுதுட்டு ஒக்காந்தாங்க, அப்படியே சாஞ்சிட்டாங்க." நான் "சரிம்மா" என்றேன். வேறு என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றுவரை தெரியவில்லை. வண்ணாரப்பேட்டைக்குப் போய் முகத்தைப் பார்த்தேன். ஆண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். மற்றப் பெண்களோடு வாசலில் நின்றுவிட்டு ராயபுரம் திரும்பினேன்.

அன்று மாலை வழக்கமான நேரத்தில் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. என் மாடியில் சுலைகாவிடம் மாலை வகுப்புப் படிக்கும் பத்தாம் வகுப்புப் பெண்கள், செய்தி தெரிந்தேதான் வந்திருந்தார்கள். காசிமேட்டில் அம்மா மீன் விற்கும் நித்யா முன்னால் நின்றாள். "எங்க போறதுன்னு தெரில மிஸ். அதான் இங்கியே வந்துட்டோம்." கதவைத் திறந்துவிட்டேன். அன்றிலிருந்து தினமும் வருகிறார்கள். அவர்களுக்கு இயற்பியல் நடத்த ஆளில்லை.

சுலைகா டீச்சரிடம் படித்த உங்களுக்கு அவளை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. என்னையும் மறந்திருக்க மாட்டீர்கள். அதே பள்ளியில் ஆங்கிலம் எடுத்த ஃபிலோமினா டீச்சர். ஓய்வுக்குப் பிறகு நாங்கள் நடத்திய மாலை வகுப்பு உங்களில் பலருக்குத் தெரியாது. என் கணவர் காலமானபின் பூட்டிக் கிடந்த மாடி அறையை அவள்தான் திறக்க வைத்தாள்.

"இன்னா ஃபிலோ, ரூமுக்குத் துக்கம் காக்கறியா?"

"'இன்னா' இல்லை, 'என்ன'."

"சரி, என்ன. சாவியக் குடு."

அலைப் பாடத்தைப் புத்தகத்தைத் திறக்காமல்தான் தொடங்குவாள். நைலான் கயிற்றின் நடுவில் சிவப்பு ரிப்பன் ஒன்றைக் கட்டி, ஒரு முனையை ஜன்னல் கம்பியில் மாட்டி, மறுமுனையை உதறுவாள். ஒரு மேடு கயிறு நெடுக ஓடும். ரிப்பன் ஏறி இறங்கும், நகராது. "ரிப்பன் ஜன்னலாண்ட போச்சா?" "இல்ல மிஸ்." "அப்ப போனது இன்னா?" மறுபடி ஒரு தடவை உதறிக் காட்டுவாள். "உதறுன உதறல் போச்சு. கயிறு அங்கியேதான் கீது. கடல்ல தண்ணியும் அப்படித்தான்."

நித்யா விடவில்லை. "பொய் மிஸ். அலை எங்க வூட்டு வாசல் வரிக்கும் தண்ணியக் கொண்ணாந்து ஊத்துது." வகுப்பு சிரித்தது. சுலைகா சிரிக்கவில்லை. "கரையாண்ட தரை தடுக்கும், அலை ஒடையும். ஒடைஞ்சா தண்ணி ஓடியாறும், நீ சொல்றது கரெக்ட்டு. நடுக்கடல்ல இன்ஜின நிறுத்திட்டா உங்கப்பா போட்டு இன்னா பண்ணுது? அவராண்ட கேட்டுகினு வா." மறுநாள் பதில் வந்தது: "பெரிய அலை வந்தாலும் ஏறி ஏறி எறங்குமாம் மிஸ். அலையோட கரைக்கு வராதாம்."

துக்கம் விசாரிக்க வந்த ஒருவர், சுலைகாவும் அலை மாதிரிதான், ஆள் போனாலும் ஆற்றல் போய்ச் சேரும் என்று உருக்கமாகச் சொன்னார். எனக்குக் கோபம்தான் வந்தது. உதறுவதற்குக் கை இல்லாவிட்டால் கயிறு சும்மா கிடக்கும். அவ்வளவுதான்.

ஒளிப் பாடத்துக்கு அவளுக்குத் துறைமுகம் போதும். ஜன்னலுக்கு நேரே குவிலென்ஸைப் பிடித்து, பின்னால் ஒரு வெள்ளைத் தாளை முன்னும் பின்னும் நகர்த்துவாள். ஓரிடத்தில் தூரத்துக் கிரேன் தாளில் வந்து விழும், சிறியதாக, தெளிவாக, தலைகீழாக. "ஐயோ, எங்கப்பா கிரேன் கவுந்துகினு கீது மிஸ்!" என்று ஒருத்தி கத்தினாள். லென்ஸுக்கும் தாளுக்கும் உள்ள தூரத்தை அளந்தால் அதுதான் குவியத் தூரம்.

நம் பள்ளிகளில் ஒரு வழக்கம் உண்டு, உங்களுக்கும் தெரியும். லென்ஸ் பொட்டலத்தின் மேல் குவியத் தூரம் அச்சிட்டிருக்கும். அதை முதலில் பார்த்துக்கொண்டு, அதற்கேற்ற அளவுகளை அப்புறம் எழுதிவிடுவது. சுலைகா அதைத் திருட்டாகவே கருதினாள். ஒருநாள் ஒருத்தியைத் தவிர எல்லாருடைய விடையும் பிசகில்லாமல் ஒன்றாகவே வந்தது. "இன்னாங்கடி, லென்ஸுங்க எல்லாம் கூடிப் பேசிகினு வந்துச்சா?" என்று கேட்டாள். அந்த ஒருத்திக்கு மட்டும் விடை தள்ளி வந்திருந்தது. அவள் அழுதுகொண்டே ரப்பரை எடுத்தாள். சுலைகா கையைப் பிடித்துக்கொண்டாள். "அழிக்காத." அந்தப் பெண்ணின் மர ஸ்கேலைத் திருப்பிப் பார்த்தாள். முனை உடைந்து, பூஜ்யக் கோடே காணாமல் போயிருந்தது. "தப்பா வந்ததுக்கு ஒரு காரணம் கீது, தேடலாம். ஜோடிச்சு எழுதுனதுல தேட இன்னா கீது?"

இப்போது நான் தேடுகிறேன், ஆளை. பள்ளிக்கு வேறிடத்திலிருந்து ஓர் ஆசிரியை எப்போதாவது வந்து போகிறார். ட்யூஷன் நடத்துகிறவர்கள் நேரமில்லை என்கிறார்கள். பழைய சகாக்களில் ஒருவர் படுக்கையில், ஒருவர் வெளிநாட்டில் மகனோடு. கைபேசியில் பாட வீடியோ போட்டுக் காட்டினேன். நித்யா எழுந்து அதனிடம் ஒரு கேள்வி கேட்டாள். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பரீட்சை நெருங்குகிறது. "ஃபெயிலாயிட்டா எறால் கம்பெனிக்கு அனுப்பிடுவாங்க மிஸ்" என்று அவள் சொன்னதை மறக்க முடியவில்லை.

நானே நடத்த முயன்றேன். கன்னியர் மடத்தில் படித்தவள். எதையும் அரைகுறையாகச் செய்து பழக்கமில்லை. பாடத்தை வரிவரியாகப் படித்துக்கொண்டு போய் லென்ஸையும் மெழுகுவர்த்தியையும் மேசையில் வைத்தேன். பெண்கள் அளந்தார்கள், கணக்குப் போட்டார்கள், பலகையில் எழுதினார்கள். எல்லாருக்கும் ஒரே விடை. பொட்டலத்தில் உள்ள அதே விடை.

"அளந்துதான் எழுதினீர்களா?" என்றேன். தலை குனிந்தார்கள். நித்யாதான் பேசினாள். "ராங்கா வந்தா ஏன்னு கேப்போம் மிஸ். உங்களுக்குச் சொல்லத் தெரியாது. நீங்க பாவம். அதான் எல்லாம் சரியாவே போட்டுட்டோம்."

என்னை யாரும் பாவம் என்று சொன்னதில்லை. கணவரை அடக்கம் செய்த நாளிலும் சொல்ல விட்டதில்லை. அந்தக் குழந்தைகள், சுலைகா திருட்டு என்று சொன்ன அந்த ஒன்றை, எனக்காகச் செய்திருந்தார்கள். பிறகு பலகையைத் துடைத்து, மறுபடி அளக்கச் சொன்னேன்.

இரண்டாம் முறை விடைகள் பலவிதமாக வந்தன. நித்யாவுடையது மட்டும் வெகுவாகத் தள்ளிப் போயிருந்தது. ஸ்கேல் முனையைப் பார்த்தேன், நன்றாகவே இருந்தது. கணக்கைப் போட்டுப் பார்த்தேன்; சரி. "ஏன் மிஸ்?" என்றாள். "தெரியாது" என்றேன். வகுப்பறையில் நின்று அந்தச் சொல்லை நான் உச்சரித்தது அதுதான் முதல் தடவை.

சுலைகாவிடம் படித்தவர்களே, அவளுக்குச் செலுத்த மலர்வளையம் வேண்டாம். இயற்பியல் தெரிந்த ஒருத்தி என் மாடிக்கு வாருங்கள். வேலை முடிந்து களைத்துப்போய் வந்தாலும் சரி, உங்கள் தமிழை நான் திருத்தமாட்டேன்.

அவளிடமிருந்து நான் வைத்திருப்பது இவ்வளவுதான்: நித்யாவின் எண் இன்னும் பலகையில் இருக்கிறது. யாரையும் துடைக்க விடவில்லை. அது ஏன் அப்படி வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. நாளை மாலை பிள்ளைகள் வந்து அதன் முன்னால் உட்காருவார்கள்.