எருமைகளைச் சாகடிக்கும் ஷைலா

“ஏனுங்க, என்ற எருமை செத்துப்போச்சுங்க” என்று தொலைபேசியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார் ஷைலா. காலையிலிருந்து பல எருமைகளைச் சாகடித்துவிட்டார். புலியகுளத்தில் அவர் வீட்டில் ஒரு கோழிகூடக் கிடையாது.

சரவணம்பட்டியில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் வேலை. இழப்பீடு கேட்டுக் கூப்பிடுகிறவர்களின் பேச்சை வைத்தே உண்மையா பொய்யா என்று தீர்ப்புச் சொல்லும் செயற்கை நுண்ணறிவு ஒன்றை அங்கே சோதனை பார்க்கிறார்கள். அது யாருக்கும் அநியாயம் செய்யாமல் பார்த்துக்கொள்வது ஷைலாவின் பொறுப்பு; அதற்காகத்தான் விதவிதமான ஆளாக நடித்து அதனிடம் பொய்க் கோரிக்கை வைத்துப் பார்க்கிறார். அவர் கையெழுத்து இல்லாமல் அது முழுசாகப் புழக்கத்துக்கு வராது. சர்ச் பாடற்குழுவில் பாடுகிறவர் என்பதால் எந்த வயதுக் குரலும் தொண்டையில் வந்து நிற்கும். இயந்திரத்தைத் திட்டும்போதும் மரியாதை குறையாது. “உங்களுக்குக் கொஞ்சமாச்சும் அறிவிருக்குதுங்களா?”

அன்று திட்டியதற்குக் காரணம் கிணத்துக்கடவுப் பெண் ஒருவர். ராசாத்தாள் என்று வைத்துக்கொள்வோம். நிஜப் பெயரை ஷைலா சொல்ல மாட்டேன் என்றுவிட்டார். பால் ஊற்றிப் பிழைக்கிறவர், இருந்த ஒரே கறவை மாடும் போய்விட்டது. அவர் கோரிக்கையை இயந்திரம் ‘சந்தேகம்’ என்று நிறுத்திவிட்டது.

அவர் வேலையைப் பற்றி எழுதப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு அந்தப் பேச்சின் பதிவையும் கேட்கத் தரவில்லை, அலுவலக விதி. ஆனால் நடித்துக் காட்டினார். ராசாத்தாள் சாப்பிட்டாச்சா என்று விசாரிக்கிறார், அங்கே மழையா என்று கேட்கிறார், கடைசியில்தான் தயங்கித் தயங்கி மாட்டுக்கு வருகிறார். எடுத்த எடுப்பிலேயே இழவைச் சொல்ல எங்கள் பக்கத்தில் யாருக்கு வாய் வரும்? இயந்திரமோ ‘விஷயத்தைத் தவிர்க்கிறார்’ என்று எழுதிவிட்டது. எனக்கே பற்றிக்கொண்டு வந்தது.

“எடுத்ததும் செத்துப்போச்சுனு புளுகற என்னைய நம்புதுங்க. அந்தம்மாள நம்ப மாட்டேங்குதுங்க” என்றார் ஷைலா.

மேலாளர் நஞ்சுண்டன் பொள்ளாச்சிக்காரர். அவசரத்தில் இருந்தார். “ஒரு கேஸுக்காக நிறுத்த முடியுங்களா? நாளைக்கு லாஞ்ச். கையெழுத்துப் போட்டுப்போடுங்க.”

“போட்டர்லாங்க சார். நீங்களே ஒருக்கா அதுகிட்டப் பேசிப்போடுங்க, உங்க மாடு செத்துப்போச்சுனு.”

நஞ்சுண்டன் தொண்டையைச் செருமினார். “வணக்கமுங்க. நல்லா இருக்கீங்களா? ஊட்டுல எல்லாரும் சௌக்கியமுங்களா? அப்புறம், ஒரு சமாச்சாரமுங்க…” மாடு வருவதற்குள் திரையில் சிவப்பு விழுந்துவிட்டது: சந்தேகம். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் முகத்தைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது.

“லாஞ்ச் தள்ளிப் போகட்டுங்க. அந்தம்மா கேஸை நீங்களே பாத்துருங்க” என்று எழுந்து போனார்.

ஷைலா உடனே ராசாத்தாளைக் கூப்பிட்டார், சொந்தக் குரலில். இன்சூரன்ஸ் ஆபீஸ் என்று சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பக்கத்தில் விசாரணை தொடங்கிவிட்டது போல. மேசையில் வேலை குவிந்து கிடந்தது.

“நல்லா இருக்கறனுங்கம்மா. ரெண்டு பேருங்க. பெரியவன் மெர்வின், எட்டாவது படிக்கறானுங்க…”

சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் தூக்கி நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.